முதல் தொண்ணூறு நிமிடம்

அக்கா என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள். "இவ என் தங்கச்சி. நாம நிஜத்துல கெட்டுப்போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல கெட்டுப்போய்ப் பார்த்துச் சொல்றவ."

என் வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை என் அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. ஒரு தொழிற்சாலையோ கடையோ தொழில் நடத்தும் முறையை மாற்ற நினைத்தால் எங்களிடம் வருவார்கள். நாங்கள் அந்த இடத்தைக் கணினிக்குள் கட்டுவோம். உள்ளே ஆட்களை நடமாட விடுவோம். ஒரு வருடத்தை மூன்று நிமிடத்தில் ஓட்டுவோம். மாற்றினால் என்ன ஆகும், மாற்றாவிட்டால் என்ன ஆகும், பாதி மாற்றினால் என்ன ஆகும் என்று எண்களாக எடுத்துக் கொடுப்போம். இதற்குப் பெயர் சிமுலேஷன். பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

அக்கா அப்படிச் சொல்லும்போதெல்லாம் "சும்மா இருக்கா" என்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். இப்போது அதே வாக்கியத்தை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

அக்காவும் மாமாவும் இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறார்கள். முன்பக்கம் கவுண்டர். பின்பக்கம் துவைக்கும் இயந்திரங்கள். பக்கவாட்டில், ஜன்னலோரம், இஸ்திரி மேசை; அங்கே இஸ்திரி அண்ணன். கவுண்டரில் டோக்கன்மா. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் அவர் டோக்கன்மாதான். துணிப்பையை வாங்கி, எண் போட்ட சீட்டைக் கிழித்து, ஒரு பாதியை ஊக்கால் பையில் குத்தி, மறுபாதியைக் கையில் கொடுப்பார். பதினெட்டு வருடமாக அந்த ஊக்குகளில் ஒன்றுகூட யார் சட்டையையும் கிழித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கடையை மாற்றலாம் என்ற யோசனை என்னுடையது. துணியை மக்கள் சுமந்து வருவதற்குப் பதிலாக வண்டி வீட்டுக்கே போகட்டும். உருப்படிக்கு இவ்வளவு என்பதற்குப் பதிலாக மாதச் சந்தா கட்டட்டும். வேறு இடங்களில் இப்படி மாறிய கடைகளை நான் பார்த்திருந்தேன். கேள்வி ஒன்றுதான்: கவுண்டரையும் வைத்துக்கொண்டு வண்டியும் விடுவதா, கவுண்டரையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு பெரிய இயந்திரங்களைப் போடுவதா? மாமா தயங்கினார். அக்கா என்னைப் பார்த்தாள். "நான் ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

ஓட்டிப் பார்க்கத் தகவல் வேண்டும். கடைக்கு எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு இடைவெளியில் வருகிறார்கள் என்று மூன்று நாள் எண்ண வேண்டும். நான் காலையில் எழுகிறவள் இல்லை. எட்டு மணிக்குத்தான் கடைக்கு வந்தேன். கடை திறப்பது ஆறரைக்கு. இடைப்பட்ட நேரத்துக்குக் கட்டம் போட்ட தாளை டோக்கன்மாவிடம் கொடுத்திருந்தேன்.

"ஆளுக்கு ஒரு கோடு டோக்கன்மா. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு அஞ்சாவதைக் குறுக்கே போடணும். கால் மணிக்கு ஒரு கட்டம்."

"கோடு போடத் தெரியாதா கண்ணு? நாள் முழுக்க நம்பரோட குடித்தனம் பண்றவ நான்."

மூன்று நாளும் தாளை மடிக்காமல், ஓரம் கசங்காமல் கொடுத்தார். நன்றி என்று வாங்கிப் பையில் வைத்தேன். அந்தக் கோடுகளை எண்ணாக மாற்றிக் கணினியில் சரியாகவே ஏற்றினேன். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு எல்லாரையும் உட்காரவைத்து முடிவைக் காட்டினேன். வருடக்கணக்காக யாரும் திருப்பி வாங்காத ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டார்கள். அதுதான் திரை. அதில் கடை தெரிந்தது. நீலப் புள்ளிகள் வாசல் வழியாக வந்தன, கவுண்டர் முன் நின்றன, போயின. அக்கா வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றார் இஸ்திரி அண்ணன்.

"இந்த மஞ்சள் கட்டம்ணே."

"ஒரு தலையாவது வெச்சிருக்கலாம்."

"இருக்கறதைத்தானே வெப்பாங்க" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு.

பிறகு எண்களைக் காட்டினேன். கவுண்டருக்குப் பதினான்கு நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். கவுண்டரில் இருப்பவர் எழுபது சதவீத நேரம் சும்மா இருக்கிறார். இப்படியே விடுவதையும் சேர்த்து மூன்று வழிகளில், கவுண்டரை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் விடுவதுதான் முதலில் நிற்கிறது. மற்ற இரண்டும் வெகு பின்னால். கோடுகள் அவ்வளவு அழகாகப் பிரிந்து நின்றன. அந்த அழகில் நான் மயங்கியிருந்தேன்.

'எழுபது சதவீத நேரம் சும்மா' என்று சொல்லும்போது டோக்கன்மாவின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முடிவு செய்யவுமில்லை. கண் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அவர்தான் கேட்டார். கையைத் தூக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல. "கண்ணு, கடை திறந்ததும் ஒரு கூட்டம் வருமே, அது எங்க? நான் மூணு நாள் கோடு போட்டுக் குடுத்தேனே?"

"அதெல்லாம் உள்ளதான் இருக்கு டோக்கன்மா. ஆனா ஆரம்பத்துல கொஞ்ச நேரத்தைக் கணக்குல எடுக்க மாட்டோம். அதுக்கு வார்ம்-அப்னு பேரு. எல்லாம் சூடாகி ஓட ஆரம்பிச்ச பிறகு வர்ற நம்பர்தான் சரியான நம்பர்."

"அதெப்படி, வந்தவங்க வந்தவங்கதானே?"

இஸ்திரி அண்ணன் குறுக்கே வந்தார். "பொட்டி சூடாகறதுக்குள்ள துணி மேல வெச்சா சுருக்கம் போகுமா டோக்கன்மா? அந்த மாதிரிதான்."

"அதேதான்! அண்ணனுக்குப் புரிஞ்சுடுச்சு பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு கிடைத்துவிட்டால் இன்னொன்று வேண்டியிருக்கிறது. "நீங்க கவலைப்படாதீங்க. எண்ணறதுல உங்களைவிடக் கம்ப்யூட்டர் கெட்டி."

மறுபடியும் சிரிப்பு. டோக்கன்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் கொடியிலிருந்து விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். "வரேன் டோக்கன்மா" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். கேலி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் ஒரு பெரிய இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியோடு கவுண்டர் கிடையாது என்று அக்கா டோக்கன்மாவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். கவுண்டரை இடித்து எடுக்க அடுத்த திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய புதன்கிழமை மதியம், அலுவலகத்தில், புதிதாக வரும் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட எளிமையான உதாரணம் வேண்டும் என்றார் மேலாளர். "உங்க அக்கா கடை இருக்கே, அதை எடுங்க. சின்னது, கச்சிதமானது." மேசையில் பாதி சாப்பிட்ட டப்பாவை ஓரம் தள்ளிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். அமைப்புகள் பக்கத்தில் மூன்றாவது வரி: வார்ம்-அப், 90.

டப்பாவை மூடிவைத்தேன்.

அந்த வரி ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் தொழிற்சாலைகளைக் கட்டுகிறவள். தொழிற்சாலை இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிறது. கணினியில் கட்டும்போது மட்டும் அது காலியாகத் தொடங்குகிறது. அந்தக் காலி பொய். ஆகவே உள்ளே வேலை நிரம்பும்வரை ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். கை பழகிப்போன வரி அது. ஒவ்வொரு வேலையிலும் நானே போடுவது. ஆனால் சலவைக்கடை தினமும் நிஜமாகவே காலியாகத் தொடங்குகிறது. ஆறரைக்குக் கதவு திறக்கிறது. அந்தக் காலியும் உண்மை, அதை நிரப்ப வருகிறவர்களும் உண்மை. வருடத்தின் ஒவ்வொரு நாளின் தலையிலும் தொண்ணூறு நிமிடத்தை வெட்டிப் போட்டிருந்தேன்.

அந்த வரியைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினேன். மூன்று நிமிடம். ஆறரைக்கு வாசலில் நீலப் புள்ளிகள் மொய்த்தன. கவுண்டர் சிவப்பாகி, எட்டு மணிவரை சிவப்பாகவே இருந்தது. முன்பு ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுப் பேர். இப்போது நூற்றுப்பத்து. எட்டு மணிக்கு முன்னால் மட்டும் அறுபத்திரண்டு பேர். இவர்கள் வேலைக்குப் போகும் வழியில் பையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். கவுண்டரை எடுத்தால் பாதிக்குமேல் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். மூன்று வழிகளின் வரிசை அப்படியே தலைகீழானது. கவுண்டரும் வேண்டும், வண்டியும் வேண்டும். அதுதான் முதலில் நின்றது. நான் பரிந்துரைத்தது கடைசியில் நின்றது.

ஓட்டிப் பார்த்த எண்ணை நிஜ எண்ணோடு ஒத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் வகுப்பெடுக்கிறேன். டோக்கன் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஏன் புரட்டவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். விடை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த விடையை நான் சோதிக்கவில்லை. அக்கா கடையில் நான் கொண்டுவந்த மாற்றம் என்று ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

பையின் உள்ளறையில் அந்த மூன்று தாள்களும் இருந்தன. நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஏழு மணிக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தார். மூன்றாம் நாள் தாளின் மேல், "மழை விட்டுடுச்சு, கூட்டம் ஜாஸ்தி" என்று ஒரு குறிப்பு. அதை நான் அன்றுதான் படித்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிட ஆசையாக இருக்கிறது. அக்காவுக்கு உடனே போன் செய்யவில்லை. என் பழைய பரிந்துரையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று தேடினேன். காலையில் வருகிறவர்களில் எண்பது சதவீதம் பேர் சந்தாவுக்கு மாறிவிடுவார்கள் என்று ஓர் எண்ணைத் தட்டினேன். எந்த ஆதாரமும் இல்லை. நீலப் புள்ளிகள் கீழ்ப்படிந்தன. வண்டி மட்டும் என்ற வழி மறுபடி முதலுக்கு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னதா என்றால், சொன்னது. சேமிக்காமல் மூடினேன். சேமிக்கவில்லை என்பதற்காக என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மாமா வண்டிக்கு அடிக்கப்போகும் வண்ணத்தைக் காகிதத்தில் காட்டினார். அக்கா தேநீர் கொண்டுவந்தாள்.

"மாமா, ஒரு மாசம் தள்ளிப் பண்ணலாமான்னு தோணுது" என்றேன்.

"எதை?"

"கவுண்டரை எடுக்கறதை. முதல்ல வண்டி ஓடட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி? கணக்குல ஏதாவது தப்பா?"

எவ்வளவு எளிதான கேள்வி. ஆமாம் என்றால் முடிந்தது.

"சேச்சே. சும்மா ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னேன்."

"நீ தள்ளிப் போடுன்னா தள்ளிப் போடறோம்மா" என்றார் மாமா. "ஆனா கொத்தனார் இதை விட்டா மூணு மாசத்துக்குக் கிடைக்க மாட்டார். காரணம் இருந்தா சொல்லு, நிறுத்திடறேன்."

காரணம் என் நாக்கின்மேல் இருந்தது. "வேண்டாம் மாமா, போகட்டும்" என்றேன்.

தப்புச் செய்தது புதன்கிழமைக்கு முன்னால்; அது கை செய்தது. வியாழக்கிழமை செய்ததை நான் செய்தேன். தேநீர் நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளியும் சனியும் எனக்குள் பல வழிகளை ஓட்டிப் பார்த்தேன். தொழில் பழக்கம். சொன்னால் அக்கா என்ன சொல்வாள், மாமா எப்படிப் பார்ப்பார், மென்பொருள் பழுது என்று சொன்னால் எப்படி, மின்னஞ்சலில் அனுப்பினால் எப்படி. ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாரும் பேசினார்கள், டோக்கன்மா மட்டும் பேசவில்லை. என் கற்பனையில்கூட அவரை நான் தலையில்லாத ஒரு கட்டமாகத்தான் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா தன் வீட்டுக் கூடத்தில், கடையில் சேர்ந்துபோன ஒற்றைக் காலுறைகளைத் தரையில் கொட்டி ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கையில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அக்கா, கணக்கு தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூறு நிமிடம், அறுபத்திரண்டு பேர், புதன்கிழமை, வியாழக்கிழமை. மென்பொருள் பழுது என்று சொல்லவில்லை. எண்பது சதவீதத்தையும் சொன்னேன். அக்கா ஒரு சாம்பல் நிறக் காலுறையைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில கூட்டம் வரும்னு எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "டோக்கன்மா வர்றதுக்கு முன்னாடி நாலு வருஷம் நான்தானே அங்க நின்னேன்? டோக்கன் தினமும் நூறைத் தாண்டுது. அன்னிக்கே எனக்கு எங்கேயோ இடிச்சுது."

"அப்புறம் ஏன்க்கா கேக்கல?"

"நீ சதவீதத்துல பேசினே. சதவீதத்துல எப்படித் திருப்பிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல." காலுறையைக் கூடையில் போட்டாள். "அதுவும் இல்லாம, டோக்கன்மா கேட்டாங்களே. என்ன ஆச்சு? நானும் கேட்டு, எனக்கும் அந்தப் பதில் கிடைச்சிருந்தா?"

நான் கையிலிருந்த காலுறைக்கு ஜோடியைக் குவியலில் தேடினேன்.

"பார்க்கறவங்ககிட்டெல்லாம் உன்னைப் பத்திப் பீத்திட்டு, நீ காட்டினது எனக்கே விளங்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுடி. என் கண்ணால பார்த்ததையே நான் நம்பாம விட்டுட்டேன்."

அவள் திட்டியிருக்கலாம். எனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் சீப்பாலேயே ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டுக்கு நான் ஏங்கினேன். அவள் என் முன்னால் வெட்கப்பட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவளைவிடப் பதினோரு வயது சின்னவள் நான்.

மாமாவைக் கூப்பிட்டாள். மாமா முழுவதையும் கேட்டார். கொத்தனாருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். "சொன்ன மெஷின் வரும். பின்பக்கம் எங்கேயாவது இடம் பண்ணிக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வியாழக்கிழமை கேட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"டோக்கன்மாகிட்ட நீ சொல்றியாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்தாள். "அவங்க மாணவியர் விடுதியில சலவைப் பகுதிக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டாங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து. நான் போய் இருங்கன்னு கேப்பேன். அது வேற. ஆனா அன்னிக்கு எல்லாரும் சிரிச்சது நீ சொன்னதுக்கு. அதை நீதான் போய்ச் சொல்லணும்."

"சரிக்கா."

"எப்ப போவே?"

"நாளைக்கு. கடை திறக்கும்போதே."

"நீ எந்திரிப்பியா?" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது கேட்கத் தோன்றியது.

திங்கட்கிழமை ஆறு முப்பத்தைந்துக்குக் கடைத்தெருவில் திரும்பினேன். பின்பக்க அறையில் டோக்கன்மாவைத் தனியாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதாகத் திட்டம். வாசலில் வரிசை நின்றது. நடைபாதைவரை வந்திருந்தது. செவிலியர் சீருடையில் இரண்டு பெண்கள். இரவுப் பணி முடிந்த ஒரு காவலாளி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தோளில் பெரிய மூட்டையோடு விடுதிப் பணியாளர் ஒருவர். ஒரு பேருந்து நடத்துனர். எல்லார் கையிலும் பை. பதினான்கு வருட வேலையில் நான் ஓட்டிய எந்தக் கூட்டத்துக்கும் வாசனை இருந்ததில்லை. இங்கே வியர்வையும் மருந்தும் எண்ணெயும் கலந்து அடித்தது.

வரிசையைத் தாண்டிக் கவுண்டர் ஓரமாகப் போனேன். "டோக்கன்மா, உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

அவர் தலை நிமிரவில்லை. கை பையை வாங்கியது, கிழித்தது, குத்தியது, பின்னால் இருந்த தொட்டியில் பார்க்காமலே எறிந்தது. "ஓனரம்மா ஏழரைக்குத்தான் வருவாங்க மேடம்."

"உங்களைத்தான் பார்க்க வந்தேன்."

"அப்ப வரிசையில வாங்க."

வரிசையின் கடைசிக்குப் போனேன். எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். நின்ற இடத்திலிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்ன சார், மறுபடியும் பேனா மூடியைத் தொலைச்சிட்டீங்களா? பாக்கெட்டைப் பாருங்க, நீலக் கடல்." "உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கல்யாணம், நாளைக்கே வந்துடும், பயப்படாதீங்க." "அம்மா, இந்தப் பையில சாவி கிடக்கு, வீட்டுக்குப் போய்க் கதவு முன்னாடி உக்காரப் போறீங்களா?" ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. எழுபது சதவீத நேரம் சும்மா இருப்பவர்.

எனக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு பெண் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "வாங்கறதுக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். குடுக்கறதுக்கா என்று கேட்கவில்லை; நல்லவேளை.

பின்பக்க அறைக்குக் கூப்பிடுவதாக இருந்த வாக்கியங்களை மனதில் திருத்திக்கொண்டே வந்தேன். வரிசை நகர நகர அவை குறைந்துகொண்டே போயின. கவுண்டரை அடைந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

"என்ன குடுக்க வந்தீங்க?" என்றார் டோக்கன்மா, கையை நீட்டி.

அவர் கேட்டது துணியை. எனக்குப் பின்னால் எட்டுப் பேர். பக்கவாட்டில் இஸ்திரி அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இவர்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நிற்கிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அன்று அவர் கையைத் தூக்கிக் கேட்டபோது நான் அவரைப் பின்பக்க அறைக்குக் கூப்பிட்டுச் சிரிக்கவில்லை.

"நீங்க அன்னிக்குக் கேட்டது சரி டோக்கன்மா" என்றேன். வரிசையின் சத்தத்தில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க கேட்டதுதான் சரி. காலையில நீங்க போட்ட கோட்டையெல்லாம் கணக்குல சேர்க்காம விட்டது நான். தப்பு என்னோடது, கம்ப்யூட்டரோடது இல்ல. தெரிஞ்ச பிறகும் நாலு நாள் வாயை மூடிட்டு இருந்தேன். உங்களைவிட அது நல்லா எண்ணும்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"என்னவாம்?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். "ஏதோ கணக்குத் தகராறு போல" என்றது இன்னொரு குரல். "பஸ்ஸு போயிடும்க்கா, சீக்கிரம்."

டோக்கன்மாவின் விரலிடுக்கில் ஓர் ஊக்கு திறந்தபடியே இருந்தது. "எத்தனை வந்துச்சு என் கோடு?"

"ஒரு நாளைக்கு அறுபத்திரண்டு. சராசரி."

"மூணாம் நாள் அறுபத்தேழு."

"ஆமா. அறுபத்தேழு. மழை விட்ட நாள்."

அவர் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பிறகு எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

"கவுண்டரை எடுக்கல டோக்கன்மா. அக்கா உங்ககிட்ட வந்து கேப்பா. விடுதிக்குப் போகாம இங்கேயே..."

"அதை உங்கக்கா கேக்கட்டும்" என்றார். "நான் வாக்குக் குடுத்த இடம் அது. யோசிச்சுத்தான் சொல்ல முடியும்."

"சரி."

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

ஊக்கை மூடினார். மேடம் என்றும் சொல்லவில்லை, கண்ணு என்றும் சொல்லவில்லை.

"அப்ப தள்ளி நில்லு. பின்னால ஆள் நிக்குது."

நான் தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த பெண் தன் பையைக் கவுண்டரின்மேல் வைத்தாள்.